வைட்டமின் டி குறைவும் பாராதைராய்டு ஹார்மோனும்: ரிப்போர்ட்டைப் படிப்பதிலிருந்து சரிசெய்வது வரை

வைட்டமின் டி குறைவு, கூடவே பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஎச்) அதிகம் என்று ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வைட்டமின் டி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிடிஎச்சை மறந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பிடிஎச் எண்ணைப் பார்த்துப் பயந்து நேராகக் கழுத்து ஸ்கேனுக்குப் போய்விடுவார்கள். புதிதாக ரிப்போர்ட் படிக்கப் பழகுபவர்களும் இதே இரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எதைச் சரிசெய்த பிறகு எதை முடிவு செய்வது என்ற வரிசை தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம். அந்த வரிசையை இங்கே தருகிறேன். டோஸை முடிவு செய்வது உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

1. உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தைராய்டு சுரப்பியின் பின்பக்கம் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவுதான். ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் இவை சில நொடிகளில் உணர்ந்து பிடிஎச்சை வெளியே விடும்.

வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால், சாப்பாட்டில் வரும் கால்சியத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதத்தைக் குடல் உறிஞ்சும். வைட்டமின் டி இல்லாவிட்டால் அது 10 முதல் 15 சதவீதமாகச் சுருங்கிவிடும். ரத்தக் கால்சியம் இறங்கப் பார்க்கும், பிடிஎச் ஏறும். ஏறிய பிடிஎச் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீரில் கால்சியம் போகாமல் பிடித்துவைத்து, பாஸ்பேட்டை வெளியே தள்ளும். சேமிப்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் டியையும் சிறுநீரகத்தில் செயல்படும் வடிவமாக மாற்றவைக்கும்.

இதைத்தான் இரண்டாம் நிலை ஹைப்பர்பாராதைராய்டிசம் என்கிறார்கள். இங்கே சுரப்பியில் கோளாறு இல்லை; அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் ரத்தக் கால்சியம் "நார்மல்" என்று வருவதற்கு எலும்பு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. கால்சியம் நார்மல்தானே என்று நிம்மதி அடைய முடியாததற்குக் காரணம் இதுதான்.

வைட்டமின் டி குறைந்த எல்லோருக்கும் பிடிஎச் ஏறுவதில்லை. சாப்பாட்டில் கால்சியம் நிறையக் கிடைப்பவர்களுக்கு ஏறாமலே இருக்கலாம். அதனால் பிடிஎச் நார்மல் என்பதை வைத்து வைட்டமின் டி குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2. ரத்தம் கொடுப்பதற்கு முன் தயாராகுங்கள்

ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் இவை அத்தனையும் பார்க்கப்பட வேண்டும்: கால்சியம், ஆல்புமின், பாஸ்பரஸ், மெக்னீசியம், கிரியேட்டினின், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (எலும்பின் நிலையைக் காட்டும் ஒரு என்சைம்), 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, இன்டாக்ட் பிடிஎச் (சிதையாத முழு பிடிஎச்). போன மாதக் கால்சியத்தையும் இந்த மாத பிடிஎச்சையும் சேர்த்துப் படிக்கக் கூடாது. பிடிஎச் ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்துக் கால்சியத்துக்குத்தான் அது பதில் சொல்லும். ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் காலையில், ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுப்பது நல்லது.

வைட்டமின் டி டெஸ்ட் எழுதும்போது எந்த வடிவம் என்று பாருங்கள். 25-ஹைட்ராக்ஸி என்பது சேமிப்பு வடிவம். இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் நிற்கும் என்பதால் கையிருப்பைக் காட்டும். 1,25-டைஹைட்ராக்ஸி என்பது செயல்படும் வடிவம், சில மணி நேரமே நிற்கும். பெயரைப் பார்த்து இரண்டாவதுதான் உசத்தி என்று அதை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. சேமிப்பு காலியாக இருக்கும்போது ஏறிய பிடிஎச் இந்த வடிவத்தை உந்தித் தயாரிக்கவைக்கும். விளைவாக, கடுமையான குறைவு உள்ளவருக்கும் இந்த டெஸ்ட் நார்மலாகவோ அதிகமாகவோகூட வரலாம்.

அடுத்தது பயோட்டின். முடி, நகத்துக்காக எடுக்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கும். பயோட்டினை வைத்து வேலை செய்யும் டெஸ்ட் முறைகளில் வைட்டமின் டி பொய்யாக அதிகமாகவும், பிடிஎச் பொய்யாகக் குறைவாகவும் வரும். அதாவது, நாம் தேடிக்கொண்டிருக்கும் இரண்டு அடையாளங்களையும் ஒரே நேரத்தில் அது மறைத்துவிடும். குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். மிக அதிக டோஸ் எடுப்பவர்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும்.

எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். வலிப்பு மருந்துகளான பினிடாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டல், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஆகியவை வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கும். லித்தியம் பிடிஎச்சை ஏற்றும், கால்சியத்தையும் ஏற்றலாம். தயாசைடு வகை நீர் மாத்திரை கால்சியத்தை ஏற்றும். ஃபுரோசமைடு கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெனோசுமாப், பிஸ்பாஸ்பனேட் மருந்துகளுக்குப் பிறகும் பிடிஎச் ஏறும். மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்; மருத்துவருக்குத் தெரிந்தால் போதும்.

லேப் பக்கம் கவனிக்க ஒன்று இருக்கிறது. பிடிஎச்சுக்கு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் உப்பு) போட்ட குழாய் நல்லது, அதில் ஹார்மோன் சிதையாமல் நிற்கும். ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாயின் ரத்தம் கால்சியம் பார்க்கும் குழாயில் கொஞ்சம் கலந்தாலும் கால்சியம் பொய்யாக மிகவும் குறைந்துவிடும். கால்சியம் தரைமட்டம், பொட்டாசியம் உச்சம், ஆளோ நன்றாக இருக்கிறார் என்றால், முதலில் ரத்தத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

3. அலகைச் சரிபாருங்கள்

வைட்டமின் டி சில இடங்களில் நானோகிராமிலும், சில இடங்களில் நானோமோலிலும் வரும். 1 நானோகிராம்/மி.லி. என்பது 2.5 நானோமோல்/லிட்டர். 40 என்ற எண் முதல் அலகில் போதுமானது. இரண்டாவது அலகில் 40 என்றால் அது வெறும் 16 நானோகிராம்தான், குறைவு. பிடிஎச்சும் பிகோகிராமிலோ பிகோமோலிலோ வரும், பிகோகிராம்/மி.லி. எண்ணை 9.4ஆல் வகுத்தால் பிகோமோல்/லிட்டர் கிடைக்கும். இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும் முன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

4. முதலில் கால்சியத்தைப் படியுங்கள்

கண் நேராகச் சிவப்பில் அச்சான எண்ணுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டுக் கால்சியத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் மற்ற எண்களுக்கு அர்த்தம் தருவதே அதுதான்.

ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி புரதத்தோடு, முக்கியமாக ஆல்புமினோடு ஒட்டியிருக்கும். ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்தது போலத் தெரியும். அதைத் திருத்த ஒரு கணக்கு இருக்கிறது: 4லிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, வந்ததைக் கால்சியத்தோடு கூட்டுங்கள்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். கால்சியம் 8.4 மி.கி., ஆல்புமின் 3.5 கிராம், பாஸ்பரஸ் 2.4, மெக்னீசியம் 2.0, கிரியேட்டினின் 0.8, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 160, வைட்டமின் டி 8 நானோகிராம், பிடிஎச் 124 பிகோகிராம். கால்சியத்துக்கான நார்மல் 8.5 முதல் 10.5 என்று வைத்தால், 8.4 குறைவுதான். திருத்தினால் 0.5 × 0.8 = 0.4, கால்சியம் 8.8 ஆகிவிடுகிறது. நார்மலின் கீழ்ப்பக்கம். இந்த ரிப்போர்ட்டுக்குக் கடைசியில் மறுபடி வருவோம்.

இந்தக் கணக்கு எல்லா நேரத்திலும் துல்லியமாக வராது. சந்தேகம் இருந்தால் அயனைஸ்டு கால்சியம், அதாவது எதோடும் ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம், பார்ப்பதே உறுதியான வழி.

5. பிடிஎச்சைக் கால்சியத்தோடு ஜோடியாகப் படியுங்கள்

பல லேப்களில் பிடிஎச்சின் நார்மல் 15 முதல் 65 பிகோகிராம்/மி.லி. வரை. அந்த எல்லையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

கால்சியம் குறைவு அல்லது நார்மலின் கீழ்ப்பக்கம், பிடிஎச் அதிகம்: சுரப்பி சரியாகப் பதில் சொல்கிறது. வைட்டமின் டி குறைவு இங்கேதான் பொருந்தும்.

கால்சியம் அதிகம், பிடிஎச்சும் அதிகம்: சுரப்பி தன்னிச்சையாகச் சுரக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். முதல் நிலை ஹைப்பர்பாராதைராய்டிசம் இப்படித்தான் இருக்கும். கால்சியம் அதிகமாக இருந்து பிடிஎச் 50 என்று "நார்மலாக" வந்தாலும் இதே சந்தேகம்தான். கால்சியம் ஏறினால் பிடிஎச் அடங்க வேண்டும். அடங்காமல் நார்மலில் நிற்பதே கோளாறு. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து இல்லாததால் பலர் கோட்டை விடும் இடம் இது.

கால்சியம் குறைவு, பிடிஎச் நார்மல் அல்லது குறைவு: இதுவும் சரியில்லை. உடனே மெக்னீசியத்தைப் பாருங்கள். மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பிடிஎச் சுரப்பதே தடைபடும், சுரந்த பிடிஎச்சுக்கு எலும்பும் சிறுநீரகமும் சரியாகப் பணியாது. நீண்ட நாள் அசிடிட்டி மாத்திரை, தொடர் வயிற்றுப்போக்கு, மதுப் பழக்கம் இருப்பவர்களிடம் இதைத் தேட வேண்டும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் கால்சியத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் எண் நகராது.

கால்சியம் அதிகம், பிடிஎச் மிகவும் குறைவு: வைட்டமின் டி கூடிப்போனது, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் வரும் நோய்), காசநோய், சில புற்றுநோய்கள் என்று வேறு பாதை. இந்த வழிகாட்டி அங்கே பொருந்தாது.

6. அதற்கப்புறம்தான் வைட்டமின் டி

எல்லை எண்களில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2011ல் வெளியிட்ட அறிக்கையின்படி 20 நானோகிராம் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும், 12க்குக் கீழே போனால் குறைவுக்கான ஆபத்து. அதே ஆண்டு ஹார்மோன் நிபுணர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி, 20க்குக் கீழ் குறைவு, 30க்கு மேல் போதுமானது என்றது. அந்த அமைப்பே 2024 வழிகாட்டுதலில் அந்த எல்லைகளைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது.

என் கருத்து இது: தனியாக வைட்டமின் டி 24 என்று வந்து, பிடிஎச், கால்சியம், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் எல்லாம் சரியாக இருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. பிடிஎச் ஏறியிருந்தால் கதை வேறு. அப்போது 30ஐத் தாண்டவைத்துவிட்டுத்தான் பிடிஎச்சைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். 22ல் நிறுத்திக்கொண்டால், இன்னும் ஏறியிருக்கும் பிடிஎச்சுக்குக் காரணம் வைட்டமின் டியா, சுரப்பியா என்று சொல்லவே முடியாது.

எண்களோடு உடம்பையும் கேளுங்கள். கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, படி ஏறும்போது தொடை தளர்கிறதா, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறி, பாஸ்பரஸ் இறங்கி, இந்த வலியும் தளர்ச்சியும் சேர்ந்தால் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா வரை போயிருக்கலாம். வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது, வலிப்பு ஆகியவை கால்சியம் ஆபத்தாக இறங்கியதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

7. பிடிஎச் ஏற வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

சிறுநீரகம்தான் முதல் சந்தேகம். வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே போகும்போதே பிடிஎச் ஏற ஆரம்பிக்கும். அவர்களுக்கும் வைட்டமின் டி குறைவு இருக்கலாம், அதைச் சரிசெய்யவும் வேண்டும். ஆனால் பிடிஎச் முழுதாக நார்மலுக்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது, சாப்பாட்டில் கால்சியமே போதாமல் இருப்பது. மூன்றாவது, குடல் உறிஞ்சாமல் போவது. சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிப்பது), எடைக் குறைப்புக்கான பைபாஸ் அறுவை, நீண்டநாள் குடல் அழற்சி எல்லாம் இதில் அடங்கும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் வைட்டமின் டி ஏறவில்லை என்பவரிடம் இதைத் தேடாமல் டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது வீண் வேலை.

8. தொடங்குவதற்கு முன் நிற்க வேண்டியவர்கள்

திருத்திய கால்சியம் ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்கள், சார்காய்டோசிஸ் அல்லது காசநோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்கள், சிறுநீரக நோய் முற்றியவர்கள் தாங்களாக அதிக டோஸ் எடுக்கக் கூடாது. சார்காய்டோசிஸ், காசநோய் போன்றவற்றில் நோய்பட்ட திசுவே வைட்டமின் டியைக் கட்டுப்பாடில்லாமல் செயல்படும் வடிவமாக மாற்றும். கால்சியம் திடீரென ஏறிவிடும்.

முதல் நிலை ஹைப்பர்பாராதைராய்டிசமும் வைட்டமின் டி குறைவும் ஒன்றாக இருப்பது சகஜம். இவர்களுக்கு வைட்டமின் டியே கொடுக்கக் கூடாது என்று நினைப்பது இன்னொரு தவறு. குறைவைச் சரிசெய்யத்தான் வேண்டும். மிதமான தினசரி டோஸில், கால்சியத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

டெனோசுமாப், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற எலும்பு ஊசி போடப் போகிறவர்கள் வைட்டமின் டியை முதலில் நிரப்பிவிட வேண்டும். பிடிஎச் எலும்பிலிருந்து எடுத்துத்தான் கால்சியத்தைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊசி அந்த வழியை அடைத்துவிட்டால் கால்சியம் விழுந்துவிடும்.

9. நிரப்பும் கட்டம்

பெரியவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் முறை: வாரம் ஒருமுறை 50,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), 8 வாரம். அல்லது தினம் 6,000 ஐயூ, அதே 8 வாரம். அதன்பின் தினம் 1,500 முதல் 2,000 ஐயூ. உடல் பருமன் உள்ளவர்களுக்கும், முன்பு சொன்ன வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் நாளின் பெரிய சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

வார மாத்திரையைத் தினமும் சாப்பிடுவது ஆபத்தான தவறு. அட்டையின் மேலேயே கிழமையை எழுதிவிடுங்கள். வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குழப்பம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால்சியம் பாருங்கள்.

ஒரே அடியாகப் பெரிய டோஸ் போட்டு வருடம் முழுக்க மறந்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை 5,00,000 ஐயூ கொடுத்து வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வொன்றில், விழுவதும் எலும்பு முறிவதும் கூடவே செய்தன. அதன் முடிவு 2010ல் வெளிவந்தது.

கால்சிட்ரியால் வேறு மருந்து. அது செயல்படும் வடிவம். பிடிஎச்சை வேகமாக இறக்கும், ஆனால் சேமிப்பை நிரப்பாது. சாதாரணக் குறைவுக்கு அதைச் சாப்பிட்டால் பிடிஎச் அழகாகத் தெரியும், 25-ஹைட்ராக்ஸி அப்படியே கீழே கிடக்கும், கால்சியம் ஏறும் ஆபத்தும் கூடும். சேமிப்பு வடிவத்தைச் செயல்படும் வடிவமாகச் சிறுநீரகத்தால் மாற்ற முடியாதவர்களுக்கும், பாராதைராய்டு செயலிழந்தவர்களுக்கும்தான் அது தேவை. மருந்துச்சீட்டில் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

10. கால்சியத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்

வைட்டமின் டி கதவைத் திறக்கும். உள்ளே வரக் கால்சியம் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தினம் 1,000 மி.கி., 50 வயது தாண்டிய பெண்களுக்கும் 70 தாண்டிய ஆண்களுக்கும் 1,200 மி.கி. தேவை. சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டு, குறைவதை மட்டும் மாத்திரையில் எடுங்கள்.

1,250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உறிஞ்சும் சதவீதம் குறையும், பிரித்துச் சாப்பிடுங்கள். கார்பனேட் சாப்பாட்டோடு; அசிடிட்டி மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட் மேல். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

11. மறு டெஸ்ட்: மூன்று மாதம் பொறுங்கள்

நான்கு வாரத்தில் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. வைட்டமின் டி ஒரு நிலைக்கு வரவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். கால்சியம் ஏறும் ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் கால்சியத்தை முன்னதாகவே பார்க்க வேண்டும்.

பிடிஎச் இன்னும் மெதுவாக இறங்கும். நீண்ட நாள் உந்தப்பட்ட சுரப்பியில் செல்கள் பெருகியிருக்கும். அவை அடங்க மாதங்கள் பிடிக்கும். எலும்பும் இழந்த கால்சியத்தைத் திரும்ப நிரப்பிக்கொண்டிருக்கும்.

முன்பு பார்த்த ரிப்போர்ட் மூன்று மாதம் கழித்து இப்படி வருகிறது என்று வையுங்கள்: வைட்டமின் டி 31, திருத்திய கால்சியம் 9.3, பாஸ்பரஸ் 3.2, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 140, பிடிஎச் 72. பிடிஎச் இன்னும் சிவப்பில்தான் அச்சாகியிருக்கும். ஆனால் 124லிருந்து 72க்கு வந்திருக்கிறது, பாஸ்பரஸ் ஏறியிருக்கிறது, கால்சியம் எல்லை தாண்டவில்லை. எல்லா எண்ணும் சரியான திசையில் நகர்கிறது. இங்கே செய்ய வேண்டியது பராமரிப்பு டோஸைத் தொடர்ந்து, இன்னும் மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது. ஸ்கேன் தேவையில்லை.

12. பிடிஎச் இறங்காவிட்டால்

வைட்டமின் டி 30ஐத் தாண்டியும் பிடிஎச் அப்படியே நின்று, கால்சியம் எல்லைக்கு மேலே போனால், முன்பே இருந்த முதல் நிலை ஹைப்பர்பாராதைராய்டிசத்தை வைட்டமின் டி குறைவு மறைத்துவைத்திருந்தது என்று அர்த்தம். எண்டோகிரைன் நிபுணரிடம் போங்கள்.

கால்சியம் நார்மலாகவே இருந்து பிடிஎச் மட்டும் ஏறியிருந்தால், 3 முதல் 6 மாத இடைவெளியில் குறைந்தது இரண்டு முறையாவது அப்படியே வர வேண்டும். அயனைஸ்டு கால்சியமும் நார்மலாக இருக்க வேண்டும். சிறுநீரகம், மருந்து, உறிஞ்சாமை எல்லாம் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் நார்மோகால்சிமிக் ஹைப்பர்பாராதைராய்டிசம் என்று பெயர் வைக்கலாம்.

24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியமும் இந்தக் கட்டத்தில்தான். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது சிறுநீர்க் கால்சியம் எப்படியும் குறைந்துதான் வரும். அப்போது எடுத்தால், கால்சியமும் கிரியேட்டினினும் வெளியேறும் விகிதம் 0.01க்குக் கீழே வந்து, அறுவை தேவையில்லாத ஒரு பரம்பரை நிலையை இருப்பதாகக் காட்டிவிடும்.

அல்ட்ராசவுண்டும், கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் செஸ்டமிபி ஸ்கேனும் நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை. அறுவை என்று முடிவான பிறகு எந்தச் சுரப்பி என்று இடம் காட்டுபவை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் நோய் இல்லை என்றும் ஆகாது. தைராய்டுக் கட்டி ஒன்று தற்செயலாகத் தெரிந்து, அதன் பின்னால் அலைய வேண்டியும் வரலாம்.

பிடிஎச் நார்மலுக்கு வந்தவர்கள் பராமரிப்பு டோஸை நிறுத்திவிடாதீர்கள். குறைவு வரக் காரணமாக இருந்த வெயில் படாத வேலை, உறிஞ்சாத குடல், வலிப்பு மருந்து எல்லாம் அப்படியேதான் இருக்கும்; சில மாதங்களில் சேமிப்பு மறுபடி கரைந்துவிடும். மருந்தோ உடல்நிலையோ மாறினால் கால்சியம், பிடிஎச், வைட்டமின் டி மூன்றையும் திரும்ப ஒரே ரத்தத்தில் பாருங்கள்.